கழுத்தைத் திருப்பும் இரண்டு நிமிடம்

அஸ்தினாபுரம்,
14.7.1992

அன்புள்ள அம்மாவுக்கு, அருள்மேரி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டி வலி தேவலையா?

கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று ஆபீஸில் பேச்சு. இந்த நேரம் பார்த்துப் புது மேனேஜர், டைப்பிஸ்டுகள் எல்லோரும் பதினோரு மணிக்கு எழுந்து நின்று இரண்டு நிமிடம் கழுத்தை இடமும் வலமும் திருப்ப வேண்டும் என்கிறார். எதற்கு இவ்வளவு அக்கறை? "வலிக்குதுன்னு சொன்னா சீட்டு கிழிஞ்சிடும்டி, வாயத் தொறக்காதே" என்கிறார் பக்கத்து மெஷின் தனம் அக்கா.

நேற்று நாங்கள் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, "யாருக்காவது கழுத்து வலி இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார். எங்கள் தலைகள் எல்லாம் இல்லை, இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தன. நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் காய்ச்சும் தைலம் ஒரு சீசா அனுப்புங்கள். ஆபீஸ் முகவரிக்கு வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை. தேய்த்துக்கொள்ளத்தான் தோள்பட்டைக்குப் பின்னால் கை எட்டாது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மேரி