மாசாமாசம் சொன்ன பொய்

பிப்ரவரி 9
வேலை பார்க்கும் செருப்புக் கடையில் மேல் தட்டுப் பெட்டியை எடுக்கப் போய் ஸ்டூலிலிருந்து விழுந்தேன். முழங்கால் உயரம்கூட இல்லாத ஸ்டூல். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. முதலில் சிரித்த முதலாளி, எக்ஸ்ரேயைப் பார்த்ததும் லீவு போட்டுக்கொள் என்றார்.

பிப்ரவரி 16
இருபது வயதில் இவ்வளவு பலவீனமான எலும்பா என்று எலும்பு டாக்டர் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா முந்திக்கொண்டாள். "அதுல ஒரு குறையும் இல்ல டாக்டர். மாசாமாசம் டாண்ணு வந்துடும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு தடவைகூட வந்ததில்லை.

பிப்ரவரி 17
அம்மாவிடம் ஏன் அப்படிப் பொய் சொன்னேன்? பதினாலு வயதில் வகுப்பில் நான் மட்டும்தான் பாக்கி. அத்தை வரும்போதெல்லாம் "இன்னுமா?" என்பாள், அம்மா முகம் சுண்டிப்போகும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், வந்துவிட்டது என்றேன். அம்மா கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் எப்படி இல்லை என்பது? எப்படியும் வந்துவிடும், பொய் மறைந்துவிடும் என்று நினைத்தேன். வரவேயில்லை. மாதாமாதம் புது நாப்கினைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன். வயிற்று வலி என்று சுருண்டும் படுத்தேன் — என்ன நடிப்பு!

மார்ச் 2
தனியாகப் போய்ப் பெண்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. பதினைந்து தாண்டியும் வராவிட்டால் பார்த்தே ஆக வேண்டுமாம். ரத்தம் வெளியேறும் வழி அடைத்திருக்கலாம், கர்ப்பப்பையே இல்லாமல் இருக்கலாம், ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ஸ்கேன், ரத்தம், குரோமோசோம் என்று எழுதிக் கொடுத்தார். கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்றும் கேட்டார். அதற்கு மட்டும் சிரித்தேன்.

மார்ச் 30
கர்ப்பப்பை இருக்கிறது, சின்னதாக. சினைப்பைகள் வளரவில்லை. பிறக்கும்போதே குரோமோசோமில் இருந்த குறை; நான் குள்ளமாக இருப்பதும் அதனால்தான். யார் தப்பும் இல்லை என்றார் டாக்டர். அப்போது நான் பொய் சொன்னது?

"அப்பவே நீ எங்கிட்ட வந்திருந்தா ஹார்மோன் குடுத்து எலும்பக் காப்பாத்தியிருக்கலாம்மா. இப்பவும் ஆரம்பிக்கலாம். ஆனா போனது முழுசாத் திரும்பாது."

குழந்தை பற்றிக் கேட்டேன். என் கருமுட்டையில் வாய்ப்பில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

மார்ச் 31
அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"எனக்குச் சந்தேகம் இருந்துது. உன் துணியில ஒரு நாள்கூட கறை பாத்ததில்ல. கேட்டா இன்னும் வரலன்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

அப்படியானால் எலும்பு டாக்டரிடம் ஏன் டாண்ணு வரும் என்று —

கேட்கவில்லை. எனக்கும் பயம்.

ஏப்ரல் 1
ஹார்மோன் மாத்திரை ஆரம்பம்.

மார்ச் 8 (அடுத்த வருஷம், புது டைரி)
மாத்திரை தயவில் இன்று வந்தது. எனக்குச் சந்தோஷமாக இல்லை. போனது முழுசாத் திரும்பாது என்று டாக்டர் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. நான் கேக்கட்டும்னு காத்துட்டு இருக்காத."

வலிக்கிறது என்றேன்.