மூன்றாவது தீவு வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், அண்ணி மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அங்கே நீ, மாப்பிள்ளை, பெரியவள், சின்னவன் நாலு பேரும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நீ அனுப்பிய கவர் போன செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, என்னம்மா புத்தகமே அனுப்பிவிட்டாளா மகள் என்றார். என் மகள் பல் டாக்டர், குடும்பத்தையே தீவுக்குக் கூட்டிப்போகிறாள், எந்தத் தீவு என்று என்னைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறாள் என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது நாலு. அப்படி ஒரு பெருமை எனக்கு அன்றைக்கு. பெரியவள் பள்ளிக்கூட ஓட்டத்தில் முதலாவதாக வந்ததையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன், மனுஷர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

கவரில் இருந்த மூன்று தீவுகளின் படத்தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு மாடி வீட்டு டீச்சரிடம் போனேன். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு நம் எழுத்து ஓடும், ஆங்கிலத்தில் அறை எண்ணைத் தவிர வேறு தெரியாது. டீச்சர் ஒவ்வொரு தாளாகப் படித்துச் சொன்னார், நான் படத்தைப் பார்த்தேன். முதல் தீவில் வீடெல்லாம் தண்ணீர் மேல் நிற்கிறது, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் கடல். கம்பி இல்லை, கைப்பிடி இல்லை. சின்னவனிடம் மீன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ செருப்பைத் தேடுவதற்குள் அவன் உள்ளே இருப்பான். படுக்கை மேல் பூவிதழை வேறு கொட்டி வைத்திருக்கிறார்கள். பூச்சாறு வெள்ளைத் துணியில் இறங்கினால் மூன்று தண்ணீர் அலசினாலும் போகாது, அதைக் கொட்டச் சொன்னவன் ஒருநாளும் துவைத்தவனாக இருக்க மாட்டான். இரண்டாவது தீவில் மரங்களுக்கு நடுவே தரையோடு தரையாக வீடு, தாழ்ந்த கட்டில், வாசலில் இரண்டு நாற்காலி. ஒரு படத்தின் ஓரத்தில் துடைப்பத்தோடு ஒரு பெண் நிற்கிறாள், படம் எடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளை விரட்டிவிட்டுப் படம் எடுக்கவில்லை பார், அங்கே விரிப்பும் சுத்தமாகத்தான் இருக்கும் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டீச்சர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது, துணி தேய்த்தவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

மூன்றாவது தாளில் நீயே பேனாவால் நட்சத்திரம் போட்டு, நாள் முழுக்கப் பல் குடையும் மெஷின் சத்தத்திலேயே நிற்கிறேன் அம்மா, ஒரு வாரம் காது சும்மா இருந்தால் போதும், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். காது சும்மா இருக்க வேண்டும் என்கிறவள் சின்னவனையும் கூட்டிக்கொண்டா போகிறாள் என்று டீச்சர் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் அவர் படித்தார். காலை பத்து மணி வரை எந்த இன்ஜின் சத்தமும் உங்களை எட்டாது, தொடங்கிய நாள் முதல் இதுவே எங்கள் வாக்கு என்று போட்டிருந்தது. இன்னொரு தடவை படியுங்கள் என்றேன். படித்தார். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு கறுப்புப் பாறை, நடுவே ஒரு படகு நுழையும் அளவுக்குச் சந்து. பெயரை மாற்றியிருக்கிறார்கள், கூரையை மாற்றியிருக்கிறார்கள், பாறையை என்ன செய்ய முடியும். கண்ணை மூடி உட்கார்ந்து தியானம் பண்ணுகிற கூடம் என்று ஒன்று காட்டியிருக்கிறார்களே, அது நிற்கிற இடத்தில்தான் எங்கள் சலவை அறை இருந்தது. அது நான் பத்தொன்பது வருஷம் துணி தேய்த்த தீவு மகளே. உன் அப்பாவின் உயிர் போன தீவு. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை அங்கே விட மாட்டார்கள், அதனால் நீ ஒருநாளும் பார்த்ததில்லை, உனக்கு எப்படித் தெரியும்.

நான் நினைத்திருந்தால் முழங்காலைச் சாக்குச் சொல்லி, இரண்டாவது தீவில் கட்டில் தாழ்வு, அதையே போடு என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நீயும் போட்டிருப்பாய். இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் ஒவ்வொன்றையும் முடித்தேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாய். டீசல் திருடிய கை நம்மை நடுத்தெருவில் விட்டது, துணி தேய்த்த கை நம்மை ஆளாக்கியது, இந்தப் பயணம் அந்தக் கைக்கு என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னை டீசல் என்று கூப்பிட்டதும், நீ பதினாலு வயதில் அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டதும், உன் கல்யாணத்தன்று யாரோ அவரைப் பற்றிக் கேட்டதற்கு அப்படி ஒருத்தர் எனக்கு இல்லை என்று சொன்னதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் நான் பக்கத்திலேயே நின்றேன். உன் அப்பா ஒரு சொட்டு டீசல் திருடியதில்லை. உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

வேலைக்காரர் படகு விடிவதற்கு முன்னால் கரையிலிருந்து கிளம்பும், முப்பது பேர் ஏறுவோம், உன் அப்பாதான் ஓட்டுவார். விருந்தினர் இறங்குகிற முன்பக்கத் துறைக்கு நாங்கள் போகக்கூடாது, சுற்றிக்கொண்டு பின்பக்கத் துறைக்குப் போக வேண்டும். அந்தச் சந்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிவப்பு மிதவை கட்டியிருக்கும். அங்கே இன்ஜினை அணைத்துவிட வேண்டும், வந்த வேகத்தில் படகு தானாக நகரும், மீதியை இரண்டு பேர் நீளக் கழியால் பாறையைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோவார்கள். தூங்குகிறவர்கள் காதில் விழக்கூடாது என்பதுதான் அந்தத் தீவின் சட்டம். கடல் அமைதியாக இருக்கிற நாளில் ஒன்றுமில்லை. அலை எழும்புகிற மாதங்களில் உன் அப்பா சட்டத்தை மதிக்க மாட்டார், இன்ஜினோடுதான் அந்தச் சந்துக்குள் நுழைவார், அணைத்தால் படகின் முகம் நேராக நிற்காது என்பார். ஒருநாள் ஒரு விருந்தினர் தூக்கம் கெட்டது என்று புகார் சொல்லிவிட்டார். மேனேஜர் உன் அப்பாவைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டார். அந்த மாதம்தான் என்னைத் தேய்ப்புக்குத் தலைவியாகப் போட்டிருந்தார்கள், துணி அலமாரிச் சாவி என் இடுப்பில். பன்னிரண்டு பெண்களுக்கு மேல் நான், அதில் இரண்டு பேர் பத்தாவது படித்தவர்கள். உங்க வீட்டுக்காரர் நீங்க சொன்னா கேப்பாராமே, இன்னொரு தடவை சத்தம் வந்தா ரெண்டு பேரும் கரையிலேயே இருந்துக்கலாம் என்றார். அந்தச் சாவியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் உண்மை, வறுமை அது இது என்று பூசி மெழுக மாட்டேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் காற்று சரியில்லை. மிதவைக்குக் கிட்டே வந்ததும் உன் அப்பா கையை லீவரில் வைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். நான் நாலாவது பலகையில், தையலுக்குப் போய் வந்த மேஜைத் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன், நான் சொன்னால் கேட்பார் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்றுகூட நினைத்தேன். "அணைச்சிடுங்க. என் பேரைக் கெடுத்துடாதீங்க." அவர் என்னையே ஒரு கணம் பார்த்துவிட்டு, "நீ சொல்றேன்னு அணைக்கிறேன்" என்றார். அணைத்தார். அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது, கழி முறிந்தது, பாறை ஒரு தடவைதான் தொட்டது. என் மூட்டை பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டியது, உள்ளே காற்று இருந்தது, அது மிதந்தது, நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா, பாத்திரம் கழுவுகிற அக்கா, தோட்டக்காரர் என்று மூன்று பேர் போனார்கள். விருந்தினர் யாரும் எழுந்திருக்கவில்லை. சந்தில் அலை அடங்கவில்லை, முன்பக்கத் துறை வழியாகக் கொண்டுபோனால் பார்ப்பார்கள் என்று, அவர்கள் எல்லோரும் மீன் பார்க்கக் கிளம்பிப் போகிற வரைக்கும் மூவரையும் சலவை அறையில் தேய்க்கிற மேஜைகள் மேல் கிடத்தியிருந்தோம். அவரைச் சுற்றிய விரிப்பு முந்தின நாள் நான் தேய்த்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு தாள் கொண்டுவந்தார்கள். டீசலை மிச்சம் பிடித்து வெளியே விற்பதற்காகப் படகோட்டிக்கு இன்ஜினை அணைக்கும் பழக்கம் உண்டு, இது அவர் மனைவிக்கும் தெரியும் என்று நம் எழுத்தில் தட்டச்சு பண்ணியிருந்தது. படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாய், ஐந்தாம் வகுப்புதானே என்று பரிதாபப்படுவாய். நான் படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, மேலிருந்து கீழ் வரைக்கும் இரண்டு தடவை படித்தேன். புரிந்தது. போட்டேன். கைநாட்டு வைக்கட்டுமே என்று மேனேஜர் மை டப்பாவை நகர்த்தினார், எனக்குக் கையெழுத்துத் தெரியும் என்று பேனாவை வாங்கினேன் பார், அந்தத் திமிரை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. போட்டதால் வேலை தங்கியது, கரையில் இருந்த குவார்ட்டர்ஸ் தங்கியது, சாவி தங்கியது. போட மாட்டேன் என்றிருந்தால் மிதவைக்கிட்டே யார் அணைக்கச் சொன்னது என்று கேள்வி வரும், படகில் என்னோடு தப்பித்த இருபத்தாறு பேர் காதும் கேட்டிருந்தது. அவர்களும் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற அக்காவின் வீட்டுக்காரர் கண் மூடுகிற வரைக்கும் உன் அப்பாவைத்தான் திட்டினார், தெருவில் என்னைக் கண்டால் பாவம்மா நீ என்பார். நான் தலையாட்டிவிட்டு வருவேன். ஆரம்பத்தில் பயம். அப்புறம் நீ நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாய், கலைக்க வேண்டாம் என்று. அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லை. உன் கோபமெல்லாம் அவர் மேல் இருந்த வரைக்கும் என் மேல் வரவில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் உன் அண்ணனிடம் சொன்னேன். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குக் கிளம்பி, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவன், பையை இறக்காமலே கடைசி வரைக்கும் கேட்டான். சாப்பாட்டு டப்பாவை எடுக்காமல் போய்விட்டான். இன்றைக்கு ஐந்தாம் நாள், என்னிடம் பேசுவதில்லை, அம்மா மாத்திரை போட்டாங்களா என்று அண்ணியிடம் கேட்கிறான், போட்டேன் என்று நானும் அவளிடமே சொல்கிறேன். நடுவில் அவள் பாடுதான் பாடு. நேற்று அவனே பெட்டியைப் புரட்டி அப்பா படத்தை எடுத்துத் துடைத்து அவன் அறையில் மாட்டியிருக்கிறான். என் அறையில் மாட்டவில்லை. சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எது என்று கேட்டாய், இரண்டாவது தீவைப் போடு. பிள்ளைகளுக்கு ஓட இடம் இருக்கிறது, சத்தம் போட்டால் யாரும் வந்து வாயை மூட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கே போவதானாலும் வேலைக்காரர் எப்படி வருகிறார்கள், எந்தப் பக்கம் இறங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போ, கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உன் கையில் இருக்கிற விண்ணப்பத்தில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டுமாம், டீச்சர் தாளில் படித்துச் சொன்னார். அதில் என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீதான் எழுத வேண்டும். சேர்க்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க மாட்டேன், முழங்கால் வலி அதனால் வரவில்லை என்று அக்கம்பக்கத்தில் நானாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், கேட்டவர்களிடம் உள்ளதைச் சொல்வேன். பெரியவளுக்கு இப்போது ஒன்பது வயது, அப்பா போனபோது உனக்கும் அதே வயதுதான். தாத்தா யார் என்று அவள் கேட்டால் படகோட்டி என்று சொல், நல்ல படகோட்டி என்று சொல். இதை மட்டும் எனக்காக இல்லாமல் அவருக்காகச் செய்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, ஒருவரிடம் ஒருவர் ஒளிக்காமல் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். சின்னவனின் இருமலுக்கு ராத்திரியில் மார்பில் துணி சுற்ற மறக்காதே. வெள்ளிக்கிழமை தாண்டிவிட வேண்டாம், நல்ல அறையெல்லாம் போய்விடும்.

இப்படிக்கு,
உன் அப்பாவை அணைக்கச் சொன்னவள்,
உன் அம்மா.