அம்மா ஏலத்தில் எடுத்த தடியங்காய்

செம்பூர், பம்பாய்
வியாழன் இரவு

அன்புள்ள சுனிதா அக்காவுக்கு,

அம்மா, அப்பா, நான், வாசலில் தினமும் நடக்கும் தண்ணீர்ச் சண்டை எல்லாம் ஆண்டவர் தயவில் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் கௌசிக் அத்தானும் அதேபோல் இருக்கிறீர்களா என்று கேட்டு எழுத வேண்டியவள் அம்மா. அவள் எழுத மாட்டாள். ஜூன் மாதம் நீ அத்தானை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டு டேராடூனுக்கு ரயில் ஏறிய அன்றைக்கே இந்த வீட்டில் உன் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் ஒரு தாய் தூரத்தில் இருக்கும் மகளுக்கு எழுத வேண்டிய கடிதத்தை, பத்தாம் வகுப்பு படிக்கிற நான் பரண்மேல் குப்புறப் படுத்து, போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா நேர் கீழே படுத்திருக்கிறாள். அவள் குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடும், எழுத்து கோணலாக இருக்கும் இடமெல்லாம் அவள் புரண்டு படுத்த இடம் என்று தெரிந்துகொள். உனக்கு ஒரு வரி போனது தெரிந்தாலும் ஸ்கூலை நிறுத்தி, சொந்த ஊர் நாசரேத்துக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அத்தை வீட்டில் ஆடுகள் இருக்கின்றன, அவற்றை மேய்க்க ஆள் இல்லையாம். அம்மா சொன்னதைச் செய்கிறவள் என்பதால் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது, நான் கிண்டலாக எழுதுவதைப் பார்த்துத் தைரியசாலி என்று நினைத்துவிடாதே.

உன் விலாசத்தை ரஹ்மத்துல்லா சாச்சாதான் கொடுத்தார். நீ அவருடைய வெல்டிங் கடைக்குப் போன் பண்ணி, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாயாம். நாள் முழுக்க நெருப்புப் பொறிக்கு நடுவில் நிற்கிற மனிதர், ரோசம்மா பாபியிடம் அதை மட்டும் என்னால் கேட்க முடியாது மகளே என்று விலாசச் சீட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் போனிலேயே நான் உன்னிடம் பேசியிருக்கலாம், ஆனால் அங்கே கிரில் அறுக்கிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும், நான் கத்தினால் பின்சுவருக்கு இந்தப் பக்கம் துணி துவைக்கிற அம்மாவுக்குத்தான் முதலில் கேட்கும். நானும் உன் கேள்வியை அம்மாவிடம் கேட்கவில்லை. ஆனால் கேட்காமலே ஒரு மாதிரி பதில் வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது ஆமாம் என்ற பதிலா இல்லை என்ற பதிலா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

நீ போகிறதுக்கு முன்னால் பின்பக்கம் பெயிண்ட் டிரம்மில், மற்றவர்கள் வெள்ளைப்பூசணி என்கிற நம் தடியங்காய் விதை ஊன்றினாயே, நினைவிருக்கிறதா. நம் தோட்டம் எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்னால் நடந்தே திரும்ப வேண்டும். நீ கிளம்பிப் போன அந்த வாரம், நம் சபையில் ஏலம் கூறுகிற வேதமுத்து மாமாவும் சபைப் பெண்கள் சிலரும் துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி வந்து உட்கார்ந்து, அம்மா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே, பிள்ளையை நர்சிங் படிக்க வைத்ததுதான் தப்பு என்று பேசினார்கள். அம்மா அவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று, அவ நட்ட கொடிகூட இந்த வீட்டுல நிக்கக் கூடாது, இப்பவே பிடுங்கி எறியுதேன் என்று சொல்லிவிட்டு அரிவாளோடு பின்பக்கம் போனாள். எல்லாரும் காத்திருந்தார்கள். பிடுங்கப் போனவள் பந்தல் போட்டுவிட்டு வந்தாள். மாமா கேட்டதற்கு, கொடி கால்ல தட்டுச்சு, அதான் மேல ஏத்திவிட்டேன், பிறவு பிடுங்கிக்கிடலாம் என்றாள். அந்தப் பிறவு ஜூலையில் வரவில்லை, ஆகஸ்டிலும் வரவில்லை. மீன் கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், அப்பா குடித்துவிட்டு வைத்த டீயின் தூள், எல்லாம் அந்த டிரம்முக்குப் போனது. கொடி நம் தகரக் கூரையில் ஏறி, சுவர் தாண்டி சாச்சாவின் கடைக் கூரைக்கும் போய்விட்டது. அவர் அதன்மேல் பொறி விழாமல் இருக்க ஒரு பழைய தகரத்தை மறைப்பாக வைத்தார். இவ்வளவும் பிடுங்கப்போகிற கொடிக்கு.

சமையலையும் கேள். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் மோர்க்குழம்பு கிடையாது. அப்பா ஒரு நாள் ஆசையாகக் கேட்டார். மோர்க்குழம்பு வேணும்னா மாட்டுங்காவுக்குப் போங்க, அந்தச் சம்மந்தி வீட்டுல தினமும் அதுதான், பூண்டு இல்லாம, கருவாடு இல்லாம, நாக்குக்கே வேலை இல்லாம, அதுக்குத்தானே உங்க மக ஓடுனா என்றாள். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார். சம்மந்தி என்று சொன்னது அவள் காதிலேயே விழவில்லை, நாங்களும் காட்டிக்கொடுக்கவில்லை. உன் மாமியாரும் அங்கே அத்தான் பேரை எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு அம்மாக்களையும் ஒரே சமையலறையில் பூட்டிவிட்டு எது மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், சாயங்காலம் வந்து மாவு ஆட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்கு ஊறின உளுந்தை மறுநாளும் அம்மா கொட்டவில்லை. புளித்து நுரைத்து வீடே நாறியது. எங்கள் எல்லாருக்கும் அது என்ன வாசனை என்று தெரியும்.

போன ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்த முதல் காயைப் படைக்க வேண்டும் என்பதால் அம்மாவுக்கு வேறு வழியில்லை, நம் வீட்டில் விளைந்தது அது ஒன்றுதான், வெண்டைக்காயை எலி தின்றுவிட்டது. சாச்சா ஏணி போட்டு இறக்கிக் கொடுத்தார். மேலெல்லாம் வெள்ளைச் சாம்பல் பூத்த காயை அப்பா தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்து ஆட்டோக்காரர் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். கூறுகிறவர் வழக்கம்போல வேதமுத்து மாமா. சேவல், வாழைத்தார், யாரோ விக்ரோலியிலிருந்து கொண்டுவந்த கேக், எல்லாம் போன பிறகு நம் காயைத் தூக்கினார். தூக்கியவர் சும்மா கூறியிருக்கலாம். ரோசம்மா வீட்டுத் தடியங்காய், நட்ட கை ஊரைத் தாண்டி ஓடிப்போச்சு, காயாவது சபைக்கு வந்து சேர்ந்துச்சே, ஸ்தோத்திரம் என்றார் மைக்கில். சிரித்தார்கள் அக்கா. குடையை வைத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு. அப்புறம் அவரே, என் மக நிச்சயதார்த்தத்துக்கு அல்வா கிண்ட இதை நானே எடுக்கேன் என்று முதல் விலையைக் கேட்டார்.

அம்மா பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து அதற்கு மேலே கேட்டாள். நீ படைச்சதை நீயே எப்படி எடுப்ப என்றார் மாமா. படைச்சதோட என் பங்கு முடிஞ்சுது, இப்ப அது ஆண்டவர் காய், ஆண்டவர்கிட்ட இருந்து வாங்குதேன், உமக்கென்ன, கூறும் என்றாள். மாமா ஏற்றினார், இவள் ஏற்றினாள். மாமா சிரித்துக்கொண்டே ஏற்றினார், இவள் சிரிக்காமல் ஏற்றினாள். கடைசியில் அவர் கையைத் தூக்கி, எனக்கு வேண்டாம்மா, நீயே அல்வா கிண்டு என்று விட்டுவிட்டார். அதோடு உட்கார வேண்டியதுதானே. அம்மாவுக்குக் கோபத்தில் காது கேட்கவில்லை. அவர் விட்ட பிறகும் அதற்கு மேலே கேட்டாள். எதிரே ஆளே இல்லாமல் தன் விலைக்கு மேல் தானே விலை வைத்தவள் இந்த பம்பாயில் நம் அம்மா ஒருத்திதான். ஆராதனை நடத்திய சபை ஐயர் அங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை என்ன என்று எழுத மாட்டேன், அம்மா இந்த கிறிஸ்துமஸுக்குப் பழைய சேலைதான் கட்டுவாள் என்பதிலிருந்து நீயே தெரிந்துகொள். இப்போது சபைப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால், சொந்தக் காயை ஏலம் எடுத்த வீடு என்கிறார்கள். நேற்று ஒருத்தி அப்படிச் சொன்னபோது, உங்கம்மாவுக்கு எடுக்கத் தகுந்த மாதிரி காய் இருக்கா என்று கேட்டுவிட்டேன். அது எந்த அர்த்தத்தில் என்று எனக்கும் தெரியவில்லை, ஆனால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த காயை பைபிள் வைக்கிற அலமாரியில் வைத்தாள். யாரும் தொடக்கூடாது. நேற்று அறுத்தாள். அறுக்கும்போது என்னை வெளியே அனுப்பிவிட்டாள், வெங்காயமா அது, எதற்கு அனுப்ப வேண்டும். ராத்திரி மோர்க்குழம்பு. தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து, உனக்குப் பிடித்த மாதிரி காயைப் பெரிய துண்டாகப் போட்டு, கடைசியில் தேங்காயெண்ணெயில் கடுகு தாளித்து. அப்பா மூன்றாம் முறை சோறு வாங்கினார். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உப்புக் கூடிட்டு என்றாள். உப்புக் கூடவில்லை.

விதையை எல்லாம் கழுவி, சாம்பலில் புரட்டி, தட்டில் உலர வைத்திருக்கிறாள். அதில் கொஞ்சம் எடுத்து உனக்கு அனுப்பினால் நீ அங்கே பால்கனியில் போடுவாய் என்று நினைத்து, சற்று முன்னால் சத்தமில்லாமல் இறங்கினேன். இரும்பு ஏணி ஒவ்வொரு படிக்கும் கிறீச்சென்றது, எனக்கு உயிர் போய் வந்தது. தட்டில் கை வைத்தால் எல்லாம் சப்பை விதை. நல்லது எங்கே என்று தடவிப் பார்த்தேன். பைபிளுக்குப் பின்னால் ஒரு சின்னத் துணி முடிச்சு இருந்தது. டார்ச்சைக் காட்டினேன். உன் நர்சிங் யூனிஃபார்ம் துணி, நீலக் கோடு போட்டது, ஓரம் எல்லாம் கையால் தைத்திருக்கிறது. உள்ளே கொழுத்த விதைகளாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறாள். யாருக்கு என்று அதில் எழுதவில்லை. உன் பேரைச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவள் எப்படி எழுதுவாள்.

அக்கா, தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் முடிச்சையே எடுத்துக்கொண்டேன். இந்த உறைக்குள் இருப்பது அதுதான். காலையில் அம்மா பைபிளை எடுக்கும்போது காணாமல் தேடினால் நான் மாட்டினேன், அப்புறம் நாசரேத்தும் ஆடுகளும்தான். அப்படி நடந்தால் நீ வராதே, வந்து வாசலில் நின்று அவமானப்படாதே. தேடாவிட்டால் உடனே டிக்கெட் போடு. எது நடந்தது என்று காலையில் கீழே எழுதிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.

அம்மாவாக இருந்தால் இந்த இடத்தில் புத்தி சொல்லியிருப்பாள், நானே சொல்கிறேன். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு டூட்டிக்கு ஓடாதே. நைட் டூட்டி முடிந்து டீயையும் பிஸ்கட்டையும் சாப்பாடு என்று சொல்லாதே. அத்தானிடம் கோபம் வந்தால் அம்மாவைப் போல ஆறு மாதம் வைத்திருக்காதே. பெரியவள் சின்னவளை ஆசீர்வதிப்பதுதான் முறை என்பதால் நான் ஆசீர்வாதம் எழுத முடியாது, அம்மா மனதுக்குள் எழுதி வைத்திருப்பதை நீயே எடுத்துக்கொள். முக்கியமான ஒன்று, பதில் எழுதினால் வீட்டுக்கு எழுதிவிடாதே, சாச்சா கடை விலாசத்துக்கு எழுது.

இப்படிக்கு,
ஆடு மேய்க்க விருப்பமில்லாத உன் தங்கை
ஜெனி

வெள்ளி காலை. உறையை இன்னும் ஒட்டவில்லை, அவசரமாக எழுதுகிறேன். அம்மா பைபிளை எடுத்தாள். பின்னால் பார்த்தாள். தேடவில்லை. என் ஸ்கூல் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நான் தோசையைப் பார்த்தேன். அப்புறம் என் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, ராத்திரி ஊறப்போட்டு, பனி எல்லாம் போன பிறவு நடணும்னு எழுதுனியா ஏட்டி, இல்லாட்டி அவ அப்படியே மண்ணுல குத்திட்டு முளைக்கலைன்னு என்னைத்தான் குத்தம் சொல்லுவா என்றாள். நான் செருப்பை மாட்டும்போது அடுப்பைப் பார்த்தபடியே இன்னொன்றும் கேட்டாள். அந்தப் பையன் பூண்டு திம்பானா மாட்டானான்னு கேட்டு எழுது, கடைசி நேரத்துல என்னால ரெண்டு சமையல் வைக்க முடியாது என்றாள். ஊறப்போட்டு நடு. பூண்டு விஷயத்தை உடனே எழுது. கடை விலாசம் வேண்டாம் அக்கா, வீட்டுக்கே எழுது.