கதவு மூடியிருக்கிறது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனை நீ எடுப்பதில்லை. அனுப்பிய செய்திகளைப் பார்த்துவிட்டாய் என்பது மட்டும் தெரிகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

என் வீட்டுக்காரர், உன் மாமா, காணாமல் போய் இன்றோடு இருபத்தாறு நாள். நேற்றும் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருக்கும் ஏட்டு நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "ஒரு மாசம் ஆகப்போகுதும்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றார். முதல் வாரத்தில் அவரே, "எங்கே போயிடப் போறாரு, வந்துடுவாரு" என்று சொன்னவர்.

இனி எழுதுவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் வரிசையாக எழுதினால் என் மனசு கொஞ்சம் ஓரிடத்தில் நிற்கிறது.

லிஃப்ட் குழியில் விழுந்து தலையில் அடிபட்ட பிறகு உன் மாமாவுக்கு நேற்று எது, இன்று எது என்று தெரியாமல் போனது. லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழில் மட்டும் மறக்கவில்லை. கதவு திறந்திருந்தால் போதும், ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார். "பெல்ட் தேஞ்சிருக்கு" என்பார். இரண்டு இடங்களில் அது உண்மையாகவே தேய்ந்திருந்ததாம். அதைச் சொல்லி நாம் சிரித்திருக்கிறோம்.

நான் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறைக்கு வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவேன். உள்ளே நின்று, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்பார். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பார்.

அப்போதுதான் நீ அந்தப் பெட்டியை அனுப்பினாய். தீப்பெட்டி அளவில் நான்கு கருவிகள். வாசல் கதவில் ஒன்று, பின்கதவில் ஒன்று, அடுப்புப் பக்கம் ஒன்று, குளியலறைக் குழாயில் ஒன்று. எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கலாம், உங்கள் ஆபீஸில் செய்தது, இன்னும் கடைக்கு வராத ஆப், சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றாய். "பூட்டாதேக்கா, கதவு திறந்தா உன் போன் கத்தும்" என்றாய். அன்றைக்கே பூட்டை எடுத்து அலமாரிக்குள் போட்டேன். உன் மாமா அன்று மாலை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். வெளியே போகக்கூட இல்லை.

கருவி மாட்டிய மூன்றாவது வாரம், சோதித்துப் பார்க்கப் பின்கதவுக் கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன். ஆப்பில் பச்சை எழுத்தில் "மூடியிருக்கிறது, இப்போது" என்றே இருந்தது. நாற்பது நிமிடம் அப்படியே இருந்தது. மூன்று முறை செய்து பார்த்து, படம் பிடித்து, நேரம் குறித்து உனக்கு அனுப்பினேன். "அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்க்கா" என்றாய். நான் நம்பினேன். நம்பாவிட்டால் மறுபடி பூட்ட வேண்டியிருந்திருக்கும். அந்தக் குற்றம் என்னுடையது, அதை உன் தலையில் கட்டமாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் மின்சாரம் போயிருக்கிறது. வைஃபையும் நின்றுவிட்டது, மாலை வரை இரண்டும் வரவில்லை, கருவிகள் செய்தி அனுப்ப வழியில்லை. நான் பதினொன்றேகாலுக்குப் பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன், நான்கு மணிக்குப் பார்த்தேன். எல்லா நேரமும் மூடியிருக்கிறது, இப்போது. ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தபோது வாசல் கதவு சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்தது. அவருடைய செருப்பு போட்ட இடத்திலேயே இருந்தது.

கீழ்வீட்டுத் துணி தேய்க்கும் அம்மா பத்தரைக்கு அவரைப் பார்த்திருக்கிறாள். கையில் திருப்புளியோடு, "வேலைக்குப் போறேன்" என்றாராம். "அவருக்குச் சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேம்மா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தினமும் வேலை முடிந்ததும் லிஃப்ட் உள்ள கட்டடங்களாகப் பார்த்து ஏறி இறங்குகிறேன். காவலாளிகளுக்கு என் முகம் பழகிவிட்டது. இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

போன வாரம் உங்கள் ஆபீஸில் சோதனைப் பிரிவில் இருக்கும் பெண் எனக்கு போன் செய்தாள். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் புகாரின் எண் இருநூற்றுப் பன்னிரண்டாம். நீ அதை மேலே அனுப்பவில்லையாம். "பயன்படுத்துபவர் தவறு" என்று எழுதி நீயே முடித்து வைத்திருக்கிறாய். வெளியீட்டுத் தேதி நெருங்கியதால் அப்படிச் செய்திருப்பாய் என்று உனக்காக அவள் பரிந்தும் பேசினாள். ஆப் இப்போது கடைக்கு வந்துவிட்டது. சோதித்துத் தந்ததற்கு நன்றி என்று எனக்கும் ஒரு கடிதம் வந்தது.

நான் தவறாகப் பயன்படுத்தவில்லை, தம்பி.

மாமா திரும்பி வருவார் என்று உன்னை ஏமாற்றமாட்டேன். என்னையும் ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. ஆனால் எத்தனையோ வீடுகளில் யாரோ ஒருத்தி இந்நேரம் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலை செய்துகொண்டிருப்பாள். அந்தப் புகாரை மறுபடி திற. அக்கா சொன்னது சரி என்று ஒரு வரி எழுது. வேலை போனால் போகட்டும், இங்கே வந்து இரு.

உனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான். உன்னைச் சபிக்க எனக்கு வாய் வராது. நன்றாக இரு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதுவும் இன்று வரவில்லை. வரும் வரை பொறுத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா