கைகுலுக்க வைக்க மாட்டேன்

இன்று காலை என் மேசைக்கு அந்தத் தாள் வந்தது. நம் பள்ளியின் சமாதானக் கடிதம். உனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம்: 'எங்களுக்குள் இருந்த மனக்கசப்பு தீர்ந்தது, இனி நண்பர்களாக இருப்போம்.' கீழே இரண்டு பிள்ளைகளின் கையெழுத்துக்கும் வகுப்பாசிரியையின் கையெழுத்துக்கும் இடம். ஜெராக்ஸ் வாடைகூடப் போகவில்லை. பார்த்ததும் உன்னோடு பேச வேண்டும்போல இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் நீ விளையாட்டு ஆசிரியை, நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்புத் தாரணிக்கு வாய் திக்கும். அவள் வாசிக்க எழுந்தால் பின் பெஞ்சில் ஒருத்தி அதே மாதிரி திக்கிக் காட்டுவாள், வகுப்பே சிரிக்கும். தாரணி என்னிடம் வந்து சொன்னாள். நம் பள்ளியில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இருவரையும் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, சீண்டியவளை மன்னிப்புக் கேட்கவைத்து, இருவரையும் கைகுலுக்கவைத்து, மற்றவர்களைக் கைதட்டச் சொன்னேன். ஐந்தே நிமிடம். அதை ஆசிரியர் அறையில் வந்து பெருமையடித்துக்கொண்டது வேறு.

நீ டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னைப் பார்த்தாய். சென்னையில், பாடியில் பிறந்து வளர்ந்தவள் நீ. கோபம் வந்தால் பள்ளிக்கூடத் தமிழெல்லாம் பறந்துவிடும்.

"இன்னாடி பண்ணிட்டு வந்துகீற? அந்தப் பொண்ணு கைய நீயே புடிச்சு அவகிட்ட குடுத்துட்டு வந்துகீற."

எனக்குச் சுருக்கென்றது. நான் திருநெல்வேலிக்காரி என்றுதானே எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறாள் என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தாரணி வரவில்லை. 'போட்டுக்கொடுத்தவள்' என்று அவளுக்குப் புதுப் பெயர் வைத்திருந்தார்கள்.

அயனம்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது நீதான். அங்கே நீ புத்திமதி எதுவும் சொல்லவில்லை. என்ன செய்தால் பயமில்லாமல் இருக்கும் என்று மட்டும் தாரணியிடம் கேட்டாய். அவள் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை ஒரு சொல்லைக்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. பிறகு நடந்ததெல்லாம் மெதுவான வேலை. சீண்டியவளைத் தனியாக அழைத்து, அவள் செய்ததைப் பூசி மெழுகாமல் சொன்னோம். அவள் பெற்றோரையும் தனியாகப் பார்த்தோம். சிரித்தவர்களிடம் ஒவ்வொருவராக நீ பேசினாய், அதற்கே மூன்று வாரம் ஆனது. இந்த வாரம் எப்படி என்று வெள்ளிக்கிழமைதோறும் தாரணியிடம் கேட்டோம். எனக்கு அலுத்துப்போனபோது நீ விடவில்லை.

"கேட்டுகினே இருக்கணும்டி. ஒரு தபா கேட்டுட்டு உட்டா அது வெறும் விசாரணை."

அவள் பத்தாம் வகுப்பை நம்மிடமே முடித்தாள்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் பத்தே நாளில் இல்லை.

இப்போது என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண். முகத்திலும் கையிலும் வெண்திட்டுகள். அவள் தொட்ட தண்ணீர்க் குழாயைப் பிள்ளைகள் துடைத்துவிட்டுக் குடிக்கிறார்கள். இது நிற்காவிட்டால் டிசி கொடுத்துவிடுங்கள் என்று அவள் அம்மா நேற்று அழுதுவிட்டுப் போனார். தாளாளர் உடனே அந்தத் தாளை அனுப்பிவிட்டார். கைகுலுக்கும்போது படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட வேண்டுமாம்.

நூலகத்தில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து, அவளுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கை குடுக்க மட்டும் சொல்லாதீங்க மிஸ். குடுத்துட்டுப் போயி எல்லாரும் கை கழுவுவாங்க."

நேரே தாளாளர் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட மாட்டேன், அவளை யார் முன்னாலும் நிறுத்தவும் மாட்டேன், அந்தப் பிள்ளைகளிடம் பேச எனக்கு நாள் வேண்டும் என்றேன். சின்னப் பிள்ளைகள் சண்டையைப் பெரிதாக்குகிறேன் என்றார். வேலையைப் பற்றியும் யோசித்துக்கொள்ளச் சொன்னார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

வெளியே வந்த பிறகு பயம்தான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அன்று நீ என் மேல் பட்ட கோபம் இன்னும் எனக்குள் சூடாகத்தான் இருக்கிறது. அதை ஆற விட மாட்டேன்.