நீ கேட்டு வாங்கிய அறை

அம்மா,

உன் ஓய்வூதிய விஷயமாக நேற்று அப்பாவோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். கேட்டைத் தாண்டியதுமே ஈரச் சுண்ணாம்பு வாசனை. கடைசி மாதங்களில் உன் புடவையோடு தினமும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அதே வாசனை. அலமாரியிலிருக்கும் உன் புடவைகளில் அது எப்போதோ போய்விட்டது. நான் முகர்ந்து பார்த்துவிட்டேன். ஆபீசில் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய கட்டடத்தை இன்னும் பூசிக்கொண்டிருக்கிறார்கள். வளைவுகளுக்குக் கீழே சாரம் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு உத்தரங்களை இறக்கி, கரையான் அரித்த இடத்தைச் செதுக்கி, மரத்தடியில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் புதிய கட்டடம் முடிந்துவிட்டது. மாடி வைத்தது. நெற்றியில் 1991 என்று சிமெண்டில் எழுத்து. வாசலில் கல்வெட்டு. திறந்து வைத்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நான் கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஓர் அறையைக் கேட்டு வாங்கியவர் பெயரை எழுதுகிற வழக்கம் கல்வெட்டுக்கு இல்லை போலிருக்கிறது.

அந்தத் திட்டத்தைப் பற்றி நீ சொன்ன சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தாய். எஞ்சினியர் வரைபடத்தைப் பெரிய மேசையில் விரித்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். ஒருவர் ஜீப் நிறுத்தக் கொட்டகை கேட்டார். இன்னொருவர் தன் நாற்காலிக்கு நேர் மேலே மின்விசிறி கேட்டார். நீ பெண்களுக்கு ஒரு கழிப்பறை கேட்டாய்.

உங்கள் ஹெட் கிளார்க் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு நீ பேசிக் காட்டினாய். "ரெண்டே ரெண்டு பொம்பளைங்க கீறீங்க. அதுக்கு ஒரு ரூமா?" எல்லோரும் சிரித்தார்களாம். சரோஜா அக்கா டைப்ரைட்டரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லையாம். நீதான் விடவில்லை.

"படப்பையிலேர்ந்து கைக்குழந்தையத் தூக்கினு வந்து, மனு குடுக்க நாள் பூரா நிக்கிறாங்களே, அவுங்கள எந்தக் கணக்குல சார் சேக்கறது?"

எஞ்சினியர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டாராம்.

அதை எனக்குக் காட்ட, சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்துச் சிவப்புத் தரையில் நீ வரைந்தாய். இது பழைய கட்டடம், இது புதுசு, இது படி. படிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம். "இது எங்க ரூமு." மாடியும் ஹாலும் வருகிறபோது இதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று நான் கேட்டேன். "வேலைக்குப் போனா தெரியும்டி" என்றாய். பேசிக்கொண்டிருக்கும்போதே பழைய கட்டடம் காய்ந்துபோனது. சதுரம் காய்வதற்குள் நீ மறுபடி விரலை நனைத்து அதன் மேல் இழுத்தாய்.

காலையில் நீ பச்சை பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோவாய். சாயங்காலம் அப்படியே கொண்டுவந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாய். அந்தச் செடி மேல் உனக்கு அவ்வளவு ஆசை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் உனக்குக் குளிர்காய்ச்சல் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாய். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், தண்ணீரே குடிக்க மாட்டீர்களா என்று கேட்டார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பார்க்க வந்திருந்த சரோஜா அக்காதான் எங்களை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள். ஆபீசுக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரர் வீட்டுக் கழிப்பறைக்குத்தான் நீங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தீர்களாம். அந்தக் குடும்பம் குன்றத்தூருக்குக் குடிபோனதிலிருந்து, வீடு திரும்புகிற வரைக்கும் நீ ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்கிட்டகூட சொல்லலியே" என்றார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. கார்த்திகை பிறக்கும்போது நீ இல்லை.

நேற்று அப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் மாடிப்படிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அறை இருக்கிறது, அம்மா. நீ வரைந்த அதே இடத்தில். நீல நிறக் கதவு, மேலே 'பெண்கள்' என்று பலகை. கதவில் பூட்டு. இடுக்கு வழியாகப் பார்த்தால், தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் துணியில் கட்டிய பழைய காகிதக் கட்டுகள்.

சரோஜா அக்காவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, தலையைத் தடவினாள். அவள் மேசையில் ஒரு பாட்டில் இருந்தது. மணி நாலைத் தாண்டியிருந்தது. கழுத்து வரைக்கும் தண்ணீர்.

அப்போதுதான் தாசில்தார் வெளியே வந்தார். நான் எதிரே போய் நின்றேன். அந்த அறையை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"பழைய கட்டடத்துல கூரை முடியட்டும்மா. அதுவரைக்கும் கட்டுங்கள எங்க வைக்கறது?"

"அதுவரைக்கும் சரோஜா அக்கா எங்க சார் போறது?"

அப்பா என் தோளைப் பிடித்தார். தடுக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். இது யார் பெண் என்று தாசில்தார் கேட்டார். சரோஜா அக்கா உன் பெயரைச் சொன்னாள். அவர் நீலக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இந்த வாரத்தில் காலி பண்ணச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஜீப்புக்குக் கொட்டகை ரெடியாகிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டார். "அவளாட்டமே கேட்ட" என்று சொன்னார். அதற்கு அழுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

உன் பச்சை பாட்டிலைத்தான் இப்போது பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறேன். கடைசி பெல் அடிப்பதற்குள் முழுவதையும் குடித்துவிடுகிறேன், தாகம் இல்லாவிட்டாலும். சாயங்காலம் செடிக்கு ஊற்ற அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. கிணற்றிலிருந்து தனியாக இறைத்து ஊற்றுகிறேன்.