பெட்டிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

பாய்,

இன்று காலை ஒரு கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே வழக்கமான தூசி, ஃபேனில் சுற்றிய நூல், ஒரு செத்த கரப்பான். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, அதான் நம் எஸ்எம்பிஎஸ்ஸை, வெளியே எடுத்துத் திருப்பினால் அடியில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. ஓரம் லேசாகக் கருத்திருந்தது, ஒட்டு மட்டும் விடவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் ஊரில் எத்தனை பெட்டிக்குள் ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்களோ.

அரூரில் அந்த உரக்கடை மாடியில் நாம் இருவரும் சேர்ந்து கடை போட்டபோது எனக்குத் தெரிந்தது பேச்சு, உங்களுக்குத் தெரிந்தது கம்ப்யூட்டரின் வயிறு. நான் முன்னால் மேசையில், நீங்கள் தடுப்புக்குப் பின்னால். கீழிருந்து வரும் யூரியா வாசனையும் உங்கள் ஈயப் புகையும் சேர்ந்து என் சட்டையில் ஏறிவிடும், என் வீட்டுக்காரி துவைக்க மாட்டேன் என்பாள்.

ஒரு வாத்தியார் வந்தது நினைவிருக்கிறதா? மகளுக்கு லேப்டாப் வேண்டும், இந்தக் கம்பெனியா அந்தக் கம்பெனியா என்று கேட்டார். விலை அதிகமான கம்பெனியை நான் அரைமணி நேரம் புகழ்ந்து முடித்திருந்தேன். நீங்கள் உள்ளேயிருந்து ரிப்பேருக்கு வந்த இரண்டு லேப்டாப்பைத் தூக்கி வந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கம்பெனி. திரையைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினீர்கள். இரண்டிலும் மூன்றாவதாக ஒரு கம்பெனியின் ஸ்டிக்கர், ஒரே எழுத்து, ஒரே நம்பர் வரிசை. மெமரியும் அப்படி, டிஸ்க்கும் அப்படி, பிராசஸரும் அப்படி.

வாத்தியார் திகைத்துப் போனார். "அப்ப இவன் பேரைப் போட்டு விக்கறானே, இவன் என்னதாங்க பண்றான்?"

"மத்ததெல்லாம் வெளிய வாங்கறதுதான் சார். போர்டு எப்பிடி இருக்கணும், கீல் எப்பிடி மடங்கணும், கரண்டு எந்த வழியா வரணும், சூடு எந்த வழியா போவணும், அது அவனே யோசிச்சது. அவன் யாருன்னு அதுலதான் தெரியும்" என்றீர்கள்.

வாத்தியார் கீலை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். அன்று டீ கூட உங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தப் பேச்சிலிருந்துதான் பொட்டு வந்தது. கம்பெனியே பூட்டி அனுப்பிய கம்ப்யூட்டர் செட் எது வந்தாலும், அந்தக் கம்பெனி தனக்கென்று வடிவமைத்த உறுப்பில் சிவப்புப் பொட்டு ஒட்டுவீர்கள். பொட்டு இல்லாததை எங்கே வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். பொட்டு இருந்தால் அதே கம்பெனிச் சாமானைத் தேட வேண்டும், சேலத்துக்கு ஆள் அனுப்பியாவது. தாடி வைத்த ஒரு பாய் ஃபேன்ஸி ஸ்டோரில் போய் நின்று, நடு அளவில் சிவப்பு மட்டும் நாலு அட்டை கேட்டால் அந்தக் கடைக்காரப் பெண் சும்மா இருப்பாளா? "யாருக்கு பாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாளாம். "எங்க கடைல அம்பது பேரு கெடக்கறாளுவ" என்று நீங்கள் சொன்னதை அவளே என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள்.

கடத்தூர் போட்டோ ஸ்டுடியோக்காரருக்கும் அந்தச் சிரிப்புதான் வந்தது. அவருடைய செட்டை முதல்முறை சரி பண்ணிக் கொடுத்தபோது தகடு திறந்தே இருந்தது. எட்டிப் பார்த்தவர், "என்னங்க, பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சீரியஸான கடை என்று பேர் வாங்க நான் பாடுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் முன்னாலேயே எஸ்எம்பிஎஸ் மேலிருந்த பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்துக் கீழே போட்டேன். நீங்கள் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டீர்கள்.

அதே செட் சில மாதம் கழித்துக் கரண்டே ஏறாமல் வந்தது. வெள்ளிக்கிழமை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பார்த்து வைத்தீர்கள். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது, "வந்து பாத்துக்கறேன் மாப்ள, நீ கை வைக்காத" என்றீர்கள். நீங்கள் போனதும் ஸ்டுடியோக்காரர் போன் பண்ணினார். சாயங்காலத்துக்குள் ஒரு ஆல்பம் கொடுத்தாக வேண்டும், பஸ் ஏறிவிட்டேன் என்றார். அலமாரியில் சாதாரண எஸ்எம்பிஎஸ் ஒன்று புதிதாக இருந்தது. பார்த்தால் அதே பிளக், அதே அளவு. கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தக் கம்பெனிக்காரன் பிளக்கை ஊரோடு ஒத்த மாதிரி வைத்துவிட்டு, உள்ளே கம்பிகளின் வரிசையை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தான். பொட்டு இருந்திருந்தால் என் கை நின்றிருக்கும். அந்தப் பொட்டை எடுத்ததும் நான்தான்.

சுவிட்சைப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம், அப்புறம் அந்த வாசனை. போர்டு போயிற்று, கூடவே ஹார்டு டிஸ்க்கும்.

நீங்கள் தொழுதுவிட்டுப் படியேறி வந்தபோது ஸ்டுடியோக்காரர் உங்களுக்கு ரெண்டு படி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். கல்யாண ஆல்பத்துக்கு வேறு பிரதி இருந்தது. அவருடைய அப்பாவை, இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால், சித்தேரி மலைக்குக் கூட்டிப்போய் எடுத்த படங்களுக்கு இல்லை. அதைச் சொல்லும்போது அவர் கத்தவே இல்லை, குரல்தான் உடைந்தது. "யாருங்க இதைப் பண்ணது?" என்றார்.

நான் பேசுவதற்குள் நீங்கள் அந்தப் பிளக்கைப் பார்த்துவிட்டீர்கள். "நான்தாங்க. காலைல மாட்டி வச்சிட்டுப் போனேன். என் தப்புதான்" என்றீர்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போன பிறகு ஏன் பாய் என்று கேட்டேன். "நீ பேசறவன் மாப்ள. பேசறவன் மேல நம்பிக்கை போச்சுன்னா கடையே போச்சு. நான் உள்ள உக்காந்திருக்கறவன், என்னை யாரு பாக்கப் போறாங்க" என்றீர்கள். அப்புறம் அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு அதே மாதிரி இன்னொன்றைத் தேடி வாங்கி, அதன் சின்ன போர்டைக் கழற்றி இதில் மாட்டி, மூன்று வாரம் மல்லுக்கட்டினீர்கள். ஒரு படமும் வரவில்லை.

பார்க்கத்தான் செய்தார்கள், பாய். கடத்தூரிலிருந்து அரூர் வரை அந்தக் கதை பரவியது. செட்டைக் கொண்டு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "நீங்களே பாருங்க, பாய் கைல குடுத்துறாதீங்க" என்பார்கள். சரிங்க என்று வாங்கி, தடுப்புக்குப் பின்னால் உங்கள் கையில்தான் கொடுப்பேன். உங்கள் காதுக்கும் அது கேட்டிருக்கும், தடுப்பு வெறும் பிளைவுட்தானே. ஏழு வருடம் அப்படிக் கடை நடத்தினேன். இன்றைக்குச் சொல்ல நா கூசுகிறது.

இன்று காலை வந்தது அதே ஸ்டுடியோக்காரரின் இப்போதைய செட். சரி பண்ணும்வரை கூடவே நின்றார். நான் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பியபோது பொட்டு அவர் கண்ணிலும் பட்டது.

"இன்னுமாங்க இதெல்லாம் வக்கிறீங்க?" என்றார்.

"இது பாய் வச்சதுங்க."

அவர் முகம் மாறியது. "அவரு இதுல கை வச்சாரா? உங்ககிட்ட நான் அன்னிக்கே சொன்னனே."

என் மானத்துக்காக, மேலே தெரியாமல் அடிப்பக்கமாக ஒட்டி, எச்சரிக்கையையும் விடாமல் வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இந்த ஊரில் இருக்கிற பேரில் எது நான் செய்தது என்று யோசித்தால், கைவேலை உங்களுடையது, பொறுமை உங்களுடையது, ஏன், பழியைச் சுமந்த தோள்கூட உங்களுடையது, எல்லாம் உங்களிடமிருந்து வாங்கிப் பொருத்தித்தான் ஓட்டியிருக்கிறேன். எனக்கென்று நானே செய்துகொண்டது அந்த வெள்ளிக்கிழமை வாயை மூடியது ஒன்றுதான்.

"உங்க செட்டு ஏழு வருசமா அவரு கைலதாங்க இருந்துச்சு" என்றேன். "அன்னிக்கு எரிச்சது நான். அவரு தொழுவப் போயிருந்தாரு. எச்சரிக்கைக்கு அவரு வச்ச பொட்டை உங்க முன்னாடி கிள்ளிப் போட்டவனும் நான்தான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்துப் போய்விட்டது, அவர் போக வேண்டிய பஸ் அது இல்லை என்றாலும் இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க பஜார்ல ஒரு தடவ எதுக்க வந்தாருங்க. சலாம் வச்சாரு. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன்" என்றார் கடைசியில். பிறகு, "மௌத்துக்கும் வரல." எழுந்து நின்று கேட்டார்: "அவரு வூடு எங்கங்க?"

புது எஸ்எம்பிஎஸ் அதே கம்பெனியுடையதைத்தான் மாட்டினேன். மேசை டிராயரில் உங்கள் அட்டை பாதி தீராமல் இருக்கிறது. ஒரு பொட்டைப் பிரித்து அடியில் ஒட்டப்போனேன். "மேலயே வைங்க, தெரியட்டும்" என்றார் ஸ்டுடியோக்காரர். வைத்தேன்.

நாளை வெள்ளிக்கிழமை. தொழுகை முடிகிற நேரத்துக்கு அவர் கடத்தூரிலிருந்து வருகிறார், இருவரும் உங்கள் வீட்டுக்குப் போகிறோம். உங்கள் வீட்டுக்கார அக்காவிடமும் நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மௌத்தன்று, "அவரு கைல ஒரு செட்டு எரிஞ்சு போச்சு, அதை நெனச்சே கெடந்தாருங்க தம்பி" என்று என்னிடமே அழுதார். அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

ஸ்டுடியோக்காரர் மன்னிப்புக் கேட்க வருகிறார். முதலில் பேச வேண்டியவன் நான். அரூரே சொல்கிறது நான் நன்றாகப் பேசுகிறவன் என்று. நாளைக்குச் சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை, "எரிச்சது நான் அக்கா." காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், பாய். இன்னும் குரல் நடுங்குகிறது. நடுங்கினாலும் இதை நீங்கள் எனக்காகச் சொல்ல முடியாது.